பெயரில்லாத பாண்டம், பெயருள்ள பெட்டி: ஜப்பானிய மரபுக் குயவர்களின் வாழ்க்கை – ஒரு மதிப்பாய்வு

அறிமுகம்

ஜப்பானிய மட்பாண்டக் கலையைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் இரண்டு சித்திரங்கள் கிடைக்கும். ஒன்று, பெயரையும் புகழையும் நாடாமல் மலையடிவாரச் சிற்றூரில் சோற்றுக் கிண்ணங்களை வனைந்துகொண்டிருக்கும் எளிய குயவர். மற்றொன்று, அரசால் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று போற்றப்பட்டு, ஒரு தேநீர்க் கிண்ணத்தையே பெருவிலைக்கு விற்கும் கலைஞர். நூல்களும் ஆவணப்படங்களும் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. இரண்டும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றுக்கு நடுவில்தான் பெரும்பாலான குயவர்களின் உண்மையான வாழ்க்கை நடந்திருக்கிறது.

பாண்டத்தில் பெயர் பொறிப்பதா, வேண்டாமா என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டு ஜப்பானில் இது பெரிய கொள்கைச் சிக்கலாக இருந்தது. பெயரற்ற கைவினையே உயர்ந்தது என்று யனாகி சோயெட்சு என்ற சிந்தனையாளர் வாதிட்டார். அவருடைய கருத்து உலகம் முழுவதும் பரவிப் பலரைக் கவர்ந்தது. அந்தக் கருத்தைச் சில குயவர்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு, அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானிய வழக்கப்படி இங்கே குடும்பப் பெயர் முன்னும், இயற்பெயர் பின்னும் தரப்பட்டுள்ளன.

யனாகியின் கொள்கை

யனாகி சோயெட்சு (1889–1961) கடற்படை அதிகாரி ஒருவரின் மகன். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். ‘ஷிரகபா’ என்ற இலக்கிய இதழின் குழுவில் இருந்தவர். மண் பிசைந்து பிழைத்தவர் அல்லர். 1925ஆம் ஆண்டில் ஹமாடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்ற இரு குயவர்களுடன் சேர்ந்து ‘மிங்கேய்’ என்ற புதிய சொல்லை உருவாக்கினார். ‘மக்களின் கைவினை’ என்பது அதன் பொருள். 1936இல் டோக்கியோவில் ஜப்பானிய நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவருடைய கட்டுரைகளைப் பிரிட்டானியக் குயவர் பெர்னார்ட் லீச் தழுவித் தொகுத்து, ‘அறியப்படாத கைவினைஞர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1972இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். உலகின் பல பகுதிகளிலும் குயவர்கள் அந்நூலைப் படித்தார்கள்.

யனாகியின் வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். தினசரிப் பயன்பாட்டுக்காக, அதிக எண்ணிக்கையில், குறைந்த விலையில், மரபு முறைப்படி செய்யப்படும் பொருளில் இயல்பான அழகு அமைகிறது. ‘நான் அழகாகச் செய்யப்போகிறேன்’ என்ற எண்ணம் செய்பவருக்கு இல்லாததே அதற்குக் காரணம். தன்முனைப்பு நுழைந்தால் அழகு கெடும். ஆகவே கையொப்பமில்லாத பொருளே உயர்ந்தது.

இதற்கு அவர் எடுத்துக்காட்டிய பொருள்களில் புகழ்பெற்றது ‘கிசயெமோன்’ என்ற தேநீர்க் கிண்ணம். கொரியாவில் செய்யப்பட்ட இது கியோட்டோவின் டைட்டோகுஜி ஆலய வளாகத்தில் உள்ள கோஹோ-அன் என்ற துணை ஆலயத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஜப்பானின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. ஏழை ஒருவர் சோறு உண்பதற்காக, யாரோ ஒரு குயவர் சாதாரணமாகச் செய்த கிண்ணம் இது என்று யனாகி எழுதினார். தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் கண்டெடுத்துப் போற்றிய பிறகே அது அரும்பொருள் ஆனது என்றும் விளக்கினார்.

இங்கே மாணவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கிண்ணத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ‘கிசயெமோன்’ என்பது அதை வைத்திருந்த ஒசாகா வணிகர் ஒருவரின் பெயர். செய்தவரின் பெயர் மறைந்தது. உடைமையாளரின் பெயர் நிலைத்தது. பெயரற்ற அழகுக்குச் சான்றாகக் காட்டப்படும் பொருளிலேயே யாருடைய பெயர் தங்கும், யாருடையது தங்காது என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்குள் யனாகி போகவில்லை.

ஹமாடா ஷோஜி: கையொப்பமிடாத மேதை

ஹமாடா ஷோஜி (1894–1978) இந்தக் கொள்கையை வாழ்ந்து காட்டியவராகக் கருதப்படுகிறார். இவர் குயவர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் பீங்கான் தொழில்நுட்பம் பயின்று 1916இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் கியோட்டோ நகராட்சியின் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் கவாய் கன்ஜிரோவுடன் சேர்ந்து, பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சுகளை ஆராய்ந்தார். 1920இல் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் சென்று, செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சரிவில் ஏறிச் செல்லும் ஜப்பானியப் பாணிச் சூளையை அமைக்க உதவினார். இங்கிலாந்தில் இருந்தபோது டிச்லிங் என்ற சிற்றூரில் நெசவாளர்களும் கைவினைஞர்களும் நாட்டுப்புறத்தில் அமைதியாக வாழ்வதைக் கண்டார். தாமும் அப்படி வாழ வேண்டும் என்று முடிவு செய்தார்.

1924இல் நாடு திரும்பியவர் டோக்கியோவுக்கு வடக்கே உள்ள மஷிகோ என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1853ஆம் ஆண்டு வாக்கில் மட்பாண்டத் தொழில் தொடங்கிய ஊர் அது. தலைநகரின் அடுக்களைகளுக்கு வேண்டிய சாடி, கெண்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் செய்து அனுப்பியது. அங்குள்ள மண் நயமானதன்று. மணல் கலந்த முரட்டு மண். நல்ல மண்ணைத் தேடிப் போகாமல் கிடைத்த மண்ணுக்கு ஏற்ற வடிவங்களையே ஹமாடா வனைந்தார். உள்ளூர்க் கல் ஒன்றைப் பொடித்துப் பூசினால் கிடைக்கும் செம்பழுப்பு நிறப் பூச்சை அதிகம் பயன்படுத்தினார். ஜப்பானியர் அதைக் ‘காக்கி’ என்று, சீமைப்பனிச்சைப் பழத்தின் பெயரால் அழைக்கிறார்கள். குச்சியால் சுழற்றும் கைச்சக்கரத்திலேயே வனைந்தார். எட்டு அறைகள் கொண்ட சரிவுச் சூளையில் ஒருமுறை நெருப்பு மூட்டினால் ஆயிரக்கணக்கான பாண்டங்கள் வெந்து வரும். அத்தனையையும் ஒருவர் செய்ய முடியாது. வீட்டாரும் சீடர்களும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்தார்கள்.

பெரிய தட்டின் மீது கரண்டியால் பூச்சை வீசிக் கோலமிடுவது அவருடைய தனிச்சிறப்பு. சில நொடிகளில் முடிந்துவிடும் அந்த வேலையைப் பார்த்து வியந்த ஒருவரிடம், இதற்குப் பின்னால் அறுபது ஆண்டுகள் இருக்கின்றன என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் கூறுவர். தொழில் தேர்ச்சி என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய பிறகு ஹமாடா தம் பாண்டங்களில் கையொப்பமோ முத்திரையோ இடவில்லை. இதையே அவருடைய பணிவுக்குச் சான்றாகப் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் ஜப்பானில் விலையுயர்ந்த பாண்டம் தனியாக விற்கப்படுவதில்லை. மெல்லிய மரப்பெட்டியில் வைத்து விற்கப்படும். பெட்டியின் மூடியில் பாண்டத்தின் பெயரையும் தம் பெயரையும் குயவர் தூரிகையால் எழுதி முத்திரை இடுவார். இதற்கு ‘தொமோபாக்கோ’ என்று பெயர். பெட்டி இல்லாத பாண்டத்தின் விலை வெகுவாகக் குறைந்துவிடும். ஹமாடா பாண்டத்தில் பெயர் எழுதவில்லை; பெட்டியில் எழுதினார்.

இதைக் கொண்டு அவரைப் போலி என்று சொல்வது நியாயமாகாது. பெட்டியில் எழுதுவது சந்தையின் வழக்கம். வாங்குபவர் கேட்டார், அவர் எழுதிக் கொடுத்தார். அவருடைய பாணியை மஷிகோவில் எத்தனையோ பேர் பின்பற்றினார்கள். அதை அவர் தடுக்கவில்லை. நகரத்திலிருந்து வந்த அவரால் ஊருக்கே வாழ்வு கிடைத்தது. அடுக்களைப் பாத்திரங்கள் உலோகத்துக்கு மாறிய காலத்தில் மஷிகோ அழியாமல் நின்றதற்கு அவருடைய பெயர் முக்கியக் காரணம். நம் கேள்வியும் அந்தப் பெயரைப் பற்றியதே. ஊரைக் காப்பாற்றியது பெயரற்ற கைவினை என்றால், வெளியூரார் ‘ஹமாடாவின் மஷிகோ’ என்று தேடி வந்தது எப்படி? பெயரைத் துறக்க ஒருவருக்கு முதலில் பெயர் இருக்க வேண்டும். கையொப்பமிடாத ஹமாடாவின் பாண்டம் ‘ஹமாடாவின் கையொப்பமிடாத பாண்டம்’ என்றே அறியப்பட்டது.

மினகாவா மாசு: எண்ணிக்கைக்கு உழைத்தவர்

அதே மஷிகோவில் மினகாவா மாசு என்ற பெண்மணி இருந்தார். சிறுவயதிலேயே தொழிலுக்கு வந்து, முதுமை வரை தேநீர்க் கெண்டிகளின் மேல் மலை, நீர், மரம் கொண்ட இயற்கைக் காட்சியைத் தீட்டினார். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகள் அவர் கையால் முடிந்தன. ஒரே காட்சியை வாழ்நாள் முழுவதும் வரைந்ததால் தூரிகை தானாக ஓடியது. யனாகி இவரைக் கண்டு மகிழ்ந்து எழுதினார். அவருடைய கொள்கைக்கு இவரைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை. தன்முனைப்பு இல்லை, கையொப்பம் இல்லை, மலிவான பொருள், இடைவிடாத மறுசெய்கை எல்லாம் இவரிடம் இருந்தன.

ஹமாடாவையும் மாசுவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கொள்கையின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரியும். பலம் என்னவென்றால், கூலிக்கு உழைத்த ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் கோட்டோவியத்தைக் கலை என்று கண்டு சொல்ல அந்தக் காலத்தில் படித்தவர்களுள் யனாகியைப் போன்ற சிலரே இருந்தார்கள். அவர் எழுதியிராவிட்டால் மாசுவின் பெயர் நமக்குக் கிடைத்திராது. பெயரின்மையைப் புகழ்ந்தவரின் எழுத்தாலேயே மாசுவுக்குப் பெயர் கிடைத்தது என்பது இதிலுள்ள விந்தை.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஹமாடாவுக்குப் பெயரின்மை ஒரு தேர்வு. அவர் படித்தார், ஆராய்ந்தார், வெளிநாடு சென்றார், பிறகு எளிமையைத் தேர்ந்தார். மாசுவுக்கு அப்படி ஒரு தேர்வு இருக்கவில்லை. ‘உங்கள் ஓவியத்தில் பெயர் எழுத விரும்புகிறீர்களா?’ என்ற கேள்வியே அந்தத் தொழிலில் எழவில்லை. ஒருவர் விரும்பித் துறப்பதையும் இன்னொருவருக்குக் கொடுக்கப்படாததையும் ஒரே சொல்லால் குறிப்பது தவறு. யனாகியின் நூலில் ‘பெயரற்ற’ என்ற சொல் இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது.

கவாய் கன்ஜிரோ: விருதை மறுத்தவர்

கவாய் கன்ஜிரோ (1890–1966) ஷிமானே மாவட்டத்தின் யசுகி என்ற ஊரில் பிறந்தவர். ஹமாடாவைப் போலவே தொழில்நுட்பப் பள்ளியில் படித்தவர். 1920இல் கியோட்டோவின் கோஜோசகா பகுதியில் சூளை ஒன்றைப் பெற்றார். 1921இல் தகஷிமாயா பேரங்காடியில் முதல் கண்காட்சி நடத்தினார். பழைய சீனப் பாண்டங்களின் பாணியில் செய்த அவை பெரும் பாராட்டைப் பெற்றன. புகழ் உச்சத்தில் இருந்தபோதே அந்த வழி தமக்கு உரியதன்று என்று எண்ணத் தொடங்கினார். மிங்கேய் இயக்கத்தில் சேர்ந்த பின் பாணியை மாற்றினார். கையொப்பம் இடுவதையும் விட்டார்.

1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் 1957இல் மிலான் கண்காட்சியிலும் அவருடைய படைப்புகள் பெரும் பரிசு பெற்றன. பின்னாளில் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற சிறப்பையும், பண்பாட்டு ஒழுங்கு விருதையும் அளிக்க முன்வந்தபோது இரண்டையும் மறுத்தார். கடைசிவரை பட்டமற்ற குயவராகவே இருந்தார். ஹமாடா இவ்விரண்டையும் ஏற்றார். நெருங்கிய நண்பர்கள் இருவர், ஒரே கொள்கை, எதிரெதிர் முடிவுகள். எது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலை இல்லை. கொள்கையின் சொற்களை அப்படியே பின்பற்றினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று கவாய் காட்டினார் என்று மட்டும் சொல்லலாம்.

கவாய் பயன்படுத்திய சரிவுச் சூளை இன்றும் அவருடைய வீட்டின் பின்புறம் இருக்கிறது. வீடு 1973 முதல் நினைவு அருங்காட்சியகமாக உள்ளது. எட்டு அறைகள் கொண்ட அந்தச் சூளையை அவர் தனியாக எரிக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குயவர்கள் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு, விறகுச் செலவைப் பகிர்ந்து, சேர்ந்தே எரித்தார்கள். கவாயின் பாண்டத்தைச் சுட்ட அதே நெருப்பில் அவர்களுடைய கிண்ணங்களும் வெந்தன. பார்வையாளர் சூளையைக் கவாயின் பெயரால் நினைவில் வைக்கிறார்கள். பங்காளிகளின் பெயர்களை யாரும் கேட்பதில்லை.

‘வாழும் தேசியச் செல்வம்’: அரசு தரும் பெயர்

1950இல் ஜப்பான் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1954இல் அது திருத்தப்பட்டது. 1955இல் முதன்முதலாகச் சிலர் அருந்திறனின் உரிமையாளர்களாக அறிவிக்கப்பட்டனர். மட்பாண்டத் துறையில் ஹமாடா ஷோஜி, டொமிமோட்டோ கென்கிச்சி, அரகாவா டோயோசோ, இஷிகுரோ முனெமாரோ ஆகியோர் அந்த முதல் பட்டியலில் இடம்பெற்றனர். மறு ஆண்டில் பிசன் ஊரின் கனெஷிகே டோயோ சேர்க்கப்பட்டார். ‘வாழும் தேசியச் செல்வம்’ என்பது சட்டத்தில் உள்ள சொல் அன்று, மக்கள் வழக்கு. சட்டம் பாதுகாப்பது திறனை. மனிதர் அத்திறனைத் தாங்குபவர். திறனை வளர்க்கவும் சீடர்களுக்குக் கற்பிக்கவும் ஆண்டுக்கு 20 லட்சம் யென் உதவித்தொகை வழங்கப்படுகிறது.

நடைமுறையில் மக்கள் போற்றுவது மனிதரைத்தான். பட்டம் கிடைத்தவுடன் பாண்டத்தின் விலை ஏறும். இதைப் புரிந்துகொள்ள இரு நிகழ்வுகள் உதவும்.

முதலாவது கிதாஓஜி ரோசன்ஜின் (1883–1959) பற்றியது. எழுத்தோவியரும் சமையல் வல்லுநருமான இவர், தம் உணவகத்துக்கு ஏற்ற பாத்திரங்கள் வேண்டும் என்பதற்காகக் கமகுராவில் சூளை அமைத்தார். சக்கரத்தில் வனையும் வேலையைப் பெரும்பாலும் பணியாளர்கள் செய்தார்கள். வடிவமும் அலங்காரமும் இவருடையவை. அந்தச் சூளையில் பணியாற்றியவர்களுள் ஒருவர் அரகாவா டோயோசோ. 1930இல் அரகாவா மினோ பகுதியின் பழைய சூளை மேட்டில் ‘ஷினோ’ வகைப் பாண்டத்தின் உடைந்த ஓடு ஒன்றைக் கண்டெடுத்தார். ஷினோ பாண்டங்கள் செட்டோவில் செய்யப்பட்டவை என்ற நெடுநாள் நம்பிக்கை அந்த ஓட்டால் உடைந்தது. 1955இல் பணியாளராக இருந்த அரகாவா பட்டம் பெற்றார். முதலாளியாக இருந்த ரோசன்ஜின் தமக்கு வந்த பட்டத்தை மறுத்தார்.

இரண்டாவது, கட்டோ டொகுரோ என்ற செட்டோக் குயவர் பற்றியது. ‘எய்னின் 2’ (1294) என்று ஆண்டு பொறித்த சாடி ஒன்று 1959இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அது பழம்பொருள் இல்லை என்ற ஐயம் வலுத்தது. அதைச் செய்தவர் தாமே என்று கட்டோ கூறினார். 1961இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதைப் பரிந்துரைத்த அறிஞர் கோயாமா புஜியோ பதவி விலகினார். கட்டோவின் புகழோ குறையவில்லை. அறிஞர்களையே ஏமாற்றும் அளவுக்குத் திறன் உடையவர் என்று பேசப்பட்டார். ஒரே சாடி பெயரற்ற பழங்காலப் பொருள் என்று கருதப்பட்டபோது தேசச் சொத்து. பெயர் தெரிந்ததும் சட்டத்தின் பட்டியலில் இடமில்லை. மண்ணும் வடிவமும் மாறவில்லை. அழகு பொருளில் மட்டுமே இருக்கிறது என்போர் இந்நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரம்பரைப் பெயரும் பிடித்து வரப்பட்டவர்களும்

ஜப்பானில் பெயர் தனிமனிதருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. கியோட்டோவின் ரகு குடும்பத்தில் ‘கிச்சிசயெமோன்’ என்ற பெயர் வழிவழியாக வருகிறது. 2019இல் பதினாறாம் தலைமுறை அதை ஏற்றது. அரிட்டாவின் பீங்கான் மரபில் ‘சகாய்டா ககியெமோன்’ என்ற பெயரை வாரிசு ஏற்கும்போது பழைய பெயர் மறைந்துவிடும். மகன் தன் பெயரை விட்டுத் தந்தையின் பெயராக மாறுகிறார். இதுவும் ஒருவகைப் பெயரின்மையே. ஆனால் இங்கே இழக்கப்படும் தனிப்பெயருக்கு ஈடாகப் பெரும் மரபும் சொத்தும் கிடைக்கின்றன.

இன்னொரு வகையினர் 1592 முதல் 1598 வரை டொயொட்டோமி ஹிதெயோஷி கொரியா மீது நடத்திய படையெடுப்புகளின்போது பிடித்து வரப்பட்ட குயவர்கள். கியூஷு தீவின் பிரபுக்கள் அவர்களைத் தங்கள் பகுதிகளில் குடியேற்றிப் பாண்டம் செய்ய வைத்தார்கள். அரிட்டாவில் பீங்கான் மண்ணைக் கண்டறிந்தவராக மரபு போற்றும் யி சம்-பியோங் அவர்களுள் ஒருவர். சட்சுமாவின் நயெஷிரோகவாவில் குடியேறிய ஷிம் குடும்பம் இன்றுவரை தொழில் செய்கிறது. ஜப்பானிய உச்சரிப்பில் ‘சின் ஜுகான்’ என்பது அவர்கள் பெயர். பன்னிரண்டாம் தலைமுறையினரின் பூச்சாடிகள் 1873ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சியில் புகழ் பெற்றன. பதினான்காம் தலைமுறையினரின் கதையை எழுத்தாளர் ஷிபா ரியோட்டாரோ 1968இல் புனைகதையாக எழுதினார்.

நானூறு ஆண்டுகளாக அந்நிய மண்ணில் கொரியக் குடும்பப் பெயரை விடாமல் வைத்திருந்தவர்களுக்குப் பெயர் என்பது தன்முனைப்பு இல்லை. தாங்கள் யார் என்பதற்கான ஒரே சான்று. அவர்களிடம் போய்ப் பெயரின்மையே உயர்வு என்று சொன்னால் எப்படி இருக்கும்? யனாகிக்குக் கொரியா மீது உண்மையான அன்பு இருந்தது. ஜப்பானிய ஆட்சி சியோலின் குவாங்வாமுன் வாயிலை இடிக்க முற்பட்டபோது 1922இல் எதிர்த்து எழுதினார். 1924இல் சியோலில் கொரிய நாட்டுப்புறக் கலைக்கு அருங்காட்சியகம் அமைத்தார். அப்படியும் கொரியக் கலையைத் துயரத்தின் அழகு என்று அவர் வரையறுத்ததைப் பிற்காலக் கொரிய அறிஞர்கள் ஏற்கவில்லை. யுகோ கிகுச்சி தம் 2004ஆம் ஆண்டு நூலில், மேற்கு நாட்டார் கீழ்த்திசையைப் பார்த்த பார்வையையே மிங்கேய் கொள்கை கொரியா, ஒகினாவா போன்ற இடங்களின் மீது செலுத்தியது என்று விமர்சித்துள்ளார். இந்த விமர்சனம் கடுமையானது. ஆனால் ஒதுக்கிவிட முடியாதது.

ஒண்டா: கூட்டாகப் பெயரை மறுத்த ஊர்

கொள்கை உண்மையிலேயே நடைமுறையில் இருந்த இடமும் உண்டு. ஒயிட்டா மாவட்டத்தில் ஹிடா நகருக்கு அருகில் உள்ள ஒண்டா என்ற மலைச்சிற்றூர் அது. 1705இல் அங்கே மட்பாண்டத் தொழில் தொடங்கியது. ஏறத்தாழப் பத்துக் குடும்பங்கள் மட்டும் தொழில் செய்கின்றன. ஓடை நீரின் விசையால் மேலெழுந்து விழும் மர உலக்கைகள் மலை மண்ணை இடித்துப் பொடியாக்குகின்றன. அந்த ஓசை ஊரெங்கும் கேட்கும். மண்ணை ஊரார் சேர்ந்து வெட்டிப் பங்கிட்டுக்கொள்வார்கள். தொழில் ஒரு வீட்டில் ஒரு மகனுக்கே போகும். பாண்டத்தில் தனிப்பட்டவர் பெயர் பொறிக்கப்படுவதில்லை.

1931இல் யனாகி இங்கே வந்தார். 1954இல் லீச் வந்து தங்கினார். அதன் பின் ஒண்டா நாடறிந்த ஊரானது. வாங்குவோர் பெருகினர், விலை ஏறியது, அதுவரை விவசாயத்தோடு சேர்த்துச் செய்துவந்த தொழில் முழுநேரத் தொழிலானது. பிரிட்டானிய மானுடவியலாளர் பிரையன் மோரன் அங்கே தங்கி ஆய்ந்து 1984இல் நூல் வெளியிட்டார். வெளியிலிருந்து வந்த புகழே ஊரின் ஒற்றுமையைச் சோதித்தது என்று அவர் காட்டினார். சிலருடைய பாண்டம் அதிகம் கேட்கப்பட்டது. தனிக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. எல்லாரும் சமம் என்ற வழக்கத்துக்கும் தனித்திறனுக்கும் இடையே உரசல் எழுந்தது. மரபு மாறக் கூடாது என்று நகரத்து ரசிகர்கள் விரும்பினார்கள். வாழ்க்கை வசதி கூட வேண்டும் என்று ஊரார் விரும்பியது இயல்பு.

இத்தனைக்குப் பிறகும் ஒண்டா தன் வழக்கத்தை விடவில்லை. 1995இல் அரசு ஒண்டாப் பாண்டத் திறனை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது, தனி ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் ஊர்க் குயவர்களின் அமைப்பையே உரிமையாளராக ஏற்றது. இது சிறந்த வழி. பெயரின்மை என்பது அனைவருக்கும் பொதுவாக, அனைவரின் சம்மதத்தோடு இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. அங்கே பெயர் அழிவதில்லை, ஊரின் பெயராகிறது.

சூளையருகே வரக் கூடாதவர்கள்

ஒண்டாவைப் பாராட்டும்போதே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அங்கே சக்கரத்தில் அமர்ந்தவர்கள் ஆண்கள். பெண்கள் மண் சுமந்தார்கள், சலித்தார்கள், காயவைத்தார்கள். ஜப்பானின் பல மட்பாண்ட ஊர்களில் பெண்கள் சூளையருகே வருவது தீட்டு என்ற நம்பிக்கையும் இருந்தது. ‘பெயரற்ற கைவினைஞர்’ என்று பொதுவாகச் சொல்லும்போது, அந்தப் பெயரின்மைக்குள்ளும் இன்னொரு படிக்குக் கீழே இருந்தவர்கள் பெண்கள்.

ஷிகராக்கி ஊரின் கோயாமா கியோகோ (1936–2023) இந்தத் தடையைக் கடந்தவர்களுள் ஒருவர். தொடக்கத்தில் பாண்டங்களில் சித்திரம் தீட்டும் தொழிலாளியாக இருந்தார். பின்னர் தாமே சூளை அமைத்து, நாள்கணக்கில் விறகு எரித்து, விறகுச் சாம்பலே உருகிப் பூச்சாகும் பழைய முறையை மீட்டெடுத்தார். மகனும் குயவரானார், இரத்தப் புற்றுநோயால் 1992இல் இளவயதிலேயே இறந்தார். மகனுக்காகத் தொடங்கிய எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் தேடல் பொது இயக்கமாக வளர்ந்ததில் கோயாமாவுக்குப் பங்கு உண்டு. 2019இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்கார்லெட்’ தொடருக்கு இவருடைய வாழ்க்கையும் ஒரு தூண்டுகோல். சித்திரம் தீட்டும் கூலியாளாகத் தொடங்கியதில் இவருக்கும் மினகாவா மாசுவுக்கும் ஒற்றுமை இருக்கிறது. தம் பெயரில் சூளை மூட்ட முடிந்ததுதான் வேறுபாடு. ஒரு தலைமுறையில் நடந்த இந்த மாற்றத்தை ‘தன்முனைப்பு நுழைந்துவிட்டது’ என்று யாரும் வருந்த மாட்டார்கள்.

சீடரின் வழி

ஹமாடாவிடம் பயின்றவர்களுள் ஷிமாஒகா டட்சுசோ (1919–2007) குறிப்பிடத்தக்கவர். டோக்கியோவில் பட்டு நூல் கயிறு பின்னுபவரின் மகனாகப் பிறந்தவர். போர்க்காலத்தில் பர்மா சென்று, போர்க் கைதியாகவும் இருந்து திரும்பியவர். ஹமாடாவின் பட்டறையில் சேர்ந்து, 1953இல் மஷிகோவிலேயே சொந்தச் சூளை தொடங்கினார். ஆசானைப் போலவே செய்துகொண்டிருந்தவரிடம், உனக்கு உரியதைத் தேடு என்று ஹமாடா வற்புறுத்தினார். ஈர மண்ணில் தந்தையின் பின்னல் கயிற்றை உருட்டித் தடம் பதித்து, அந்தத் தடத்தில் வெண்மண்ணை நிரப்பிச் சுரண்டும் முறையை ஷிமாஒகா உருவாக்கினார். 1996இல் இவரும் ‘வாழும் தேசியச் செல்வம்’ ஆனார்.

இங்கேதான் ஹமாடாவின் செயல் அவருடைய இயக்கத்தின் கொள்கையைவிடச் சிறந்து நிற்கிறது. தனித்தன்மை அழகைக் கெடுக்கும் என்று கொள்கை சொல்கிறது. நல்லாசிரியரான ஹமாடா மாணவரிடம் தனித்தன்மையைத்தான் கேட்டார். அந்தத் தனித்தன்மையும் எங்கிருந்தோ வரவில்லை. பெயர் அறியப்படாத ஒரு கயிறு பின்னுபவரின் கைத்தொழிலிலிருந்தே வந்தது.

இந்த மரபின் ஒரு கிளை தமிழ் மண்ணையும் தொட்டிருக்கிறது. பிசனில் தொழில் பயின்றவரும், ஹமாடாவைப் பற்றி சூசன் பீட்டர்சன் எழுதிய நூலுக்குத் துணைபுரிந்தவருமான டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். அங்கே பயின்ற பலர் இன்று தத்தம் பெயரில் தொழில் செய்கிறார்கள்.

மதிப்பீடு

யனாகியின் கொள்கையைப் பற்றி இரண்டு முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய பெரும் பங்களிப்பு. அடுக்களைச் சாடியையும் சோற்றுக் கிண்ணத்தையும் அருங்காட்சியகத்தில் வைத்து, இதுவும் கலை என்று சொன்னவர் அவர். ஒண்டாவும் மஷிகோவும் இன்று இருப்பதில் அவருக்குப் பங்குண்டு. இதை மறுப்பவர் நன்றி மறந்தவர்.

இரண்டாவதாக, அழகைப் பற்றிச் சொன்னதை அவர் வாழ்க்கை நெறியாகவும் ஆக்கியது ஏற்கத்தக்கதாக இல்லை. பெயர் இல்லாத பாண்டம் அழகாக இருக்கலாம். அதனால் பாண்டம் செய்தவருக்குப் பெயர் இல்லாதிருப்பது நல்லது என்று ஆகிவிடாது. உழைப்பவருக்குப் பெயர் என்பது வெறும் புகழ் மட்டுமன்று. கூலியை உயர்த்திக் கேட்கவும், தன் வேலையைப் பிறர் தம்முடையது என்று விற்காமல் தடுக்கவும், மகளுக்கும் மகனுக்கும் எதையேனும் விட்டுச் செல்லவும் உதவும் கருவி. அது வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தக் கருவி கையில் இருப்பவருக்கே உண்டு.

2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மஷிகோவின் சூளைகள் பல இடிந்தன. ஹமாடாவின் எட்டு அறைச் சூளையும் சேதமடைந்தது. பின்னர் அதைச் சீரமைத்து, 2015இல் அவ்வூர்க் குயவர்கள் பலர் தத்தம் பாண்டங்களை அதில் அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். மாணவர்கள் அருங்காட்சியகத்திலோ இணையத்திலோ ஒரு ஜப்பானியப் பாண்டத்தைப் பார்க்க நேர்ந்தால், அதன் வடிவத்தையும் நிறத்தையும் ரசித்த பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மண்ணை வெட்டிச் சுமந்தவர் யார்? இதில் பெயர் இல்லையென்றால் அது செய்தவரின் விருப்பமா? இதை விற்ற பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? விளக்க அட்டையில் இவற்றுக்குப் பெரும்பாலும் விடை இருக்காது. அட்டையில் இல்லாததைத் தேடிப் படிப்பதிலிருந்து கலை வரலாற்றுப் படிப்பைத் தொடங்கலாம்.